டபுள் கெப் பின்பெட்டிக்கு எந்த லைனர் நல்லது? (மீன், வெங்காயம், சல்லி எல்லாம் ஏறும்)

நீர்வேலித்தம்பி

வணக்கம். 2012 ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) ஒன்று வாங்கியிருக்கிறோம். எஞ்சின், கியர் எல்லாம் வடிவாகப் பார்த்துத்தான் எடுத்தது, அதில் குறை இல்லை. பின்பெட்டிதான் யோசனை. முன்னைய சொந்தக்காரர் போட்ட கறுப்புப் பிளாஸ்ரிக் லைனர், அதாவது பெட்டியின் தகரத்தைக் காக்கிற உள்ளுறை, உள்ளே கிடக்கிறது. ஒரு மூலை வெடித்து, ஓடும்போது படபடவென்று அடிக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வேறு ஏதாவது போட வேண்டும்.

வாகனத்துக்கு ஒரே வேலை என்று இல்லை. எங்கள் வாழைக்குலை மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்குப் போகும். வெங்காயக் காலத்தில் வெங்காயம். மச்சான் மயிலிட்டியில் மீன் எடுத்து விற்கிறவர், அவருக்கும் இடைக்கிடை ஓடும். வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதால் சல்லியும் சீமெந்தும் ஏறும்.

ஒருவர் தகரத்தோடு ஒட்டிக்கொள்கிற பூச்சு லைனரை ஸ்பிரே அடி என்கிறார். இன்னொருவர் புதுப் பிளாஸ்ரிக் போடு என்கிறார். மச்சான் ஒன்றும் வேண்டாம், படங்கை விரி என்கிறார். 2020 இல் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 இல் திறந்தாலும், விலையைக் கேட்டால் இன்னொரு வாகனம் எங்களுக்கு இப்போதைக்குச் சரிவராது. ஆகவே இது நீண்ட காலம் நிற்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோக்காரன்

ஸ்பிரேதான். யோசிக்கவே வேண்டாம். இங்கே கனடாவில் வேலைக்கு ஓடுகிற பிக்கப் வைத்திருக்கிறவர்களில் கனபேர் அதைத்தான் அடிக்கிறார்கள்.

கொக்குவில் பட்டறை

தம்பி, எதைப் போடுவது என்று பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பழைய பிளாஸ்ரிக்கைக் கழற்றி அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பின்கதவுப் பக்கத்தில் இரண்டு மூன்று ஆணி, பக்கச் சுவரில் சில ஆணி, அவ்வளவுதான் பிடித்திருக்கும். இரண்டு பேர் பிடித்து நடுவில் கொஞ்சம் வளைத்தால் தூக்கி எடுக்கலாம்.

எடுத்த பிறகு கழுவாமல் ஒரு படம் எடுங்கள். கழுவினால் தண்ணீர் எங்கே நின்றது என்கிற அடையாளம் போய்விடும். பிறகு கழுவிக் காயவிட்டு, ஸ்குரூ டிரைவரின் பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், போன இடம் பொத்தென்று கேட்கும். முன்சுவர் தளத்தோடு சேருகிற மடிப்பு, சக்கர மேட்டின் அடி, பின்கதவுக்குக் கீழ் விளிம்பு, இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். முன்மூலைகளில் தண்ணீர் போகிற துளைகள் இருக்கும், திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதைப் பார்க்காமல் லைனர் பற்றிக் கதைப்பதில் பிரயோசனம் இல்லை.

மட்டுவில் கோழிப்பண்ணை

எங்களிடமும் அதே கறுப்புப் பிளாஸ்ரிக்தான் இருக்கிறது, கன காலமாய். ஒரு பிரச்சினையும் இல்லை. கோழித்தீன் மூட்டையும் முட்டைத் தட்டும்தான் ஏற்றுகிறோம். மூட்டையை ஒரு தள்ளுத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், ஆள் மேலே ஏறத் தேவையில்லை. தகரம் நெளியவும் இல்லை. எல்லோரும் பிளாஸ்ரிக்கைத் திட்டுவதற்கு முன் இதையும் எழுதி வைக்கிறேன்.

நீர்வேலித்தம்பி

கழற்றிவிட்டோம். படம் போட்டிருக்கிறேன். பார்க்கப் பிடிக்காது என்று முதலே சொல்லிவிடுகிறேன்.

அடியில் செம்மண் சேறாய் உறைந்து கிடந்தது. மழை பெய்து கன நாளாகியும் அடிப்பக்கம் ஈரம். சேற்றுக்குள் மீன் செதில், இரண்டு ரூபாய்க் குற்றிகள், ஒரு சாக்கூசி. வலது முன்மூலைத் துளையில் வெங்காயச் சருகு அடைந்து கட்டியாய் இருந்தது, கம்பியால் குத்தித்தான் எடுத்தேன்.

லைனரின் வரிகள் தகரத்தில் பட்ட இடமெல்லாம் கோடு கோடாய்ப் பெயின்ற் போயிருக்கிறது. யாரோ அளவெடுத்துத் தேய்த்த மாதிரி நேர்கோடு. கோட்டில் கறள். பட்டறை அண்ணை சொன்னபடி தட்டிப் பார்த்தேன். நடுத்தளம் கணீரென்கிறது. வலது முன்மூலையில் பொத்தென்று கேட்டது, கொஞ்சம் அழுத்தினேன், ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

கொக்குவில் பட்டறை

படம் பார்த்தேன். பயப்பட வேண்டாம், இது காப்பாற்றக்கூடிய பெட்டி. நடுத்தளம் நல்லாய் இருந்தால் மூலையை வெட்டி ஒட்டலாம்.

ஏன் இப்படி வந்தது என்று விளங்கினால்தான் அடுத்ததைத் தெரிவு செய்யலாம். அந்தப் பிளாஸ்ரிக் தளத்தோடு ஒட்டியிருப்பதில்லை, மேலே சும்மா குந்தியிருக்கிறது. ஓடும்போது அதிரும். இடையில் மணல் புகுந்தால் ஒவ்வொரு அதிர்வும் சாண்ட்பேப்பர் தேய்ப்பதுதான். பெயின்ற் கோடு கோடாய்ப் போனது அதனால். பிறகு மீன் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஒடுங்கிய இடைவெளிக்குள் போனால் லேசில் காயாது. வெயில் படாது, காற்றுப் படாது. கறளுக்கு இதைவிட வசதி வேறென்ன?

கோழிப்பண்ணை அக்கா சொல்வதும் உண்மை. காய்ந்த சாமான் மட்டும் ஏற்றுகிறவருக்கு அது நல்ல பொருள்தான். கல்லோ இரும்போ விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்பிரே அவ்வளவு வாங்காது, தகரம் நெளிந்தால் பூச்சும் சேர்ந்து நெளியும். ஆனால் பிளாஸ்ரிக் போட்டவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது தூக்கிக் கழுவ வேண்டும். இவ்வளவு காலத்தில் அப்படிச் செய்த ஒருவரை நான் கண்டதில்லை. அக்கா, நீங்கள் தூக்கிப் பார்த்தீர்களா?

மட்டுவில் கோழிப்பண்ணை

இல்லை. இனிப் பார்க்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

நீர்வேலித்தம்பி

அப்படியானால் மூலையை ஒட்டிவிட்டு, கறளைத் தேய்த்துவிட்டு ஸ்பிரே அடித்துவிடலாமா? பொலியூரிதேன், பொலியூரியா என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்காபரோக்காரன்

எனக்குத் தெரிந்தளவில் எழுதுகிறேன். இரண்டும் இரண்டு திரவங்களைக் கலந்து அடிப்பதுதான். ஒரு பக்கம் ஐசோசயனேற்று, மறுபக்கம் ரெசின். பொலியூரியாவை மெஷினில் சூடாக்கி, மிகக் கூடின அழுத்தத்தில் அடிப்பார்கள். இரண்டும் துப்பாக்கி முனையில்தான் கலக்கும், தகரத்தில் பட்டுச் சில விநாடிகளில் இறுகிவிடும். பொலியூரிதேன் ஆறுதலாய் இறுகும், கொஞ்சம் மெதுவாய், றப்பர் தன்மையாய் இருக்கும். கடைகளில் இரண்டும் கலந்த வகையும் உண்டு. லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் என்று இங்கே பெரிய பெயர்கள்.

சரியாக அடித்தால் 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பு வரும். தளத்தோடு ஒட்டிவிடுவதால் பட்டறை அண்ணை சொன்ன இடைவெளியே இருக்காது, அதுதான் இதன் பெரிய லாபம். சாமானும் வழுக்காது. குறை என்றால், வெயிலில் கறுப்பு நரைக்கும். அரோமற்றிக் வகை கெதியாய் மங்கும், அலிபற்றிக் வகை நிறம் காக்கும், அதற்கு விலை கூட. மங்கினாலும் பாதுகாப்புக் குறையாது, பார்வைக்குத்தான்.

இங்கே பனிக்காலத்தில் றோட்டுக்கு உப்புக் கொட்டுவார்கள், அதனால் கறளோடு பழக்கம். ஃபோர்ட் எஃப்-150 இன் பெட்டி 2015 மொடலில் இருந்து அலுமினியம். ரொயோட்டா ரகோமாவில் 2005 இல் இருந்தே உட்பெட்டி ஒருவகைக் கலவைப் பிளாஸ்ரிக். உங்கள் ஹைலக்ஸ் தனி இரும்பு, ஆகவே கூடுதல் கவனம் வேண்டும்.

இரசாயன வாத்தியார்

ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். ஐசோசயனேற்றுக்குத் தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது. தண்ணீரோடு தாக்கம் புரிந்து காபனீரொட்சைட்டு வாயுவை விடும். ஈரமான தகரத்தில், அல்லது கார்த்திகை மழைக்காற்றில் பொலியூரிதேன் அடித்தால் பூச்சுக்குள் குமிழி வந்துவிடும். மேலே பார்த்தால் நல்லாய்த் தெரியும், உள்ளே பொருக்கு. பூச்சு வேலையில் பொதுவாய் ஒரு விதி உண்டு: தகரத்தின் வெப்பநிலை பனிபடு நிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியசாவது கூட இருக்க வேண்டும். விளங்குகிற மாதிரிச் சொன்னால், விடிய எழும்பித் தகரத்தைத் தடவும்போது கை நனைந்தால் அந்த நேரத்தில் அடிக்கக் கூடாது.

இன்னொன்று. இந்த ஐசோசயனேற்று ஆவி மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கத் தொடங்கும். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற பெடியன்களைக் கண்டிருக்கிறேன். கடதாசி மாஸ்க்கும் இதற்குக் காணாது. பெரிய இடங்களில் வெளிக்காற்றைக் குழாயால் கொண்டுவந்து சுவாசிக்கிற முகமூடிதான் போடுவார்கள். வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓடித் திரிய இதை அடிக்க வேண்டாம்.

ஸ்காபரோக்காரன்

வாத்தியார் சொல்வது பொலியூரிதேனுக்குச் சரி. பொலியூரியாவில் அமீன் இருக்கிறது, அது ஐசோசயனேற்றோடு தண்ணீரைவிடக் கெதியாய்த் தாக்கம் புரியும். ஆகவே காற்றின் ஈரப்பதன் அதை அவ்வளவு குழப்பாது.

இரசாயன வாத்தியார்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தகரத்தின் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால் பொலியூரியாவும் பிடிக்காது. அதோடு அந்தச் சூட்டு மெஷின் விலையான சாமான், எல்லாப் பட்டறையிலும் இருக்காது. "பொலியூரியா" என்று சொல்லிக்கொண்டு சாதாரணத் துப்பாக்கியால் வேறு ஏதோ அடிப்பவர்கள் இருக்கலாம். தம்பி, மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். சூடாக்குகிற குழாய் இல்லாவிட்டால் அது வேறு சாமான்.

கரையூர்க்காற்று

நான் ஸ்பிரே அடித்துக் காசு விட்டவன், ஆகவே எழுதுகிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். காலையில் வாகனத்தை விட்டால் பின்னேரம் எடுக்கலாம் என்றார்கள். பளபளவென்று கறுப்பாய், கைபட்டால் சொரசொரவென்று, பார்க்க நல்ல வடிவு. மாரி முடிய முதல் பின்கதவு விளிம்பில் நகம் வைத்தேன், வாழைத்தோல் உரிகிற மாதிரி நீளமாய் உரிந்து வந்தது. உரித்த துண்டின் அடிப்பக்கம் வெள்ளைப் பெயின்ற் அப்படியே பளபளக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. கேட்டால், "உப்புத் தண்ணீர் ஏற்றினால் அப்படித்தான்" என்று பதில்.

கொக்குவில் பட்டறை

அந்தத் துண்டின் அடியில் பளபளப்பு இருந்தது என்று எழுதினீர்களே, காரணம் அதுதான். உப்பு இல்லை. பெயின்றைத் தேய்த்து மங்கச் செய்யாமல் அடித்திருக்கிறார்கள். எந்தப் பூச்சும் பளபளப்பில் பிடிக்காது. காலையில் விட்டுப் பின்னேரம் எடுப்பது மெஷின் வைத்திருக்கிற இடத்தில் நடக்கலாம், ஆனால் அதற்குள் தேய்ப்பு, கொழுப்பு எடுப்பு, மறைப்பு எல்லாம் முடிய வேண்டுமே.

அடிப்பது சின்ன வேலை. முதல் நாள் முழுக்க ஆயத்தம்தான். பெட்டியைக் கழுவி, கொழுப்பை எடுத்து, பிறகு தேய்த்து, தூசி துடைத்து, திரும்பக் கொழுப்பை எடுக்க வேண்டும். கொழுப்பை எடுக்காமல் முதலே தேய்த்தால் அதைக் கீறலுக்குள் அழுத்தி வைக்கிறோம். சேர்விஸ்காரர் ரயருக்குப் பூசுகிற சிலிக்கன் பொலிஷ் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த இடத்தில் பூச்சு விலகி வட்டம் வட்டமாய் நிற்கும்.

நீர்வேலித்தம்பிக்கு: கறளுக்கு மேல் எதையும் அடிக்க விடாதீர்கள். மேலே எவ்வளவு தடிப்பாய் அடித்தாலும் கறள் அடியால் ஊர்ந்துகொண்டு போகும். லைனர் மூடியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. தெரிய வருகிற நேரம் விரல் உள்ளே போகும். மூலையைப் பட்டி வைத்து நிரப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டி, புதுத்தகரம் வைத்து ஒட்ட வேண்டும். கோடு கோடாய் இருக்கிற மேல்கறளை இரும்பு வெளிக்கிடும் வரை தேய்த்து, குழிக்குள் மிச்சம் இருப்பதற்குப் பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் மருந்து பூசி, அது சொல்கிறபடி கழுவிக் காயவிட்டு, எப்பொக்சி பிறைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்க வேண்டும். மடிப்புகளுக்குத் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலர் இழுக்க வேண்டும். ஒட்டின இடத்தின் அடிப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. வெல்டிங் சூட்டில் அடியில் இருந்த பெயின்றும் எரிந்துபோகும், அங்கே இருந்து திரும்பத் தொடங்கும்.

அச்சுவேலி அலுமினியம்

நெளிவரி போட்ட அலுமினியத் தகடு வெட்டி அடித்தால் என்ன? கறள் பிடிக்காது, கனம் இல்லை, சல்லி அள்ளும்போது மண்வெட்டியும் மாட்டாது.

இரசாயன வாத்தியார்

தோட்டச் சாமானுக்கு என்றால் ஓம். மீன் ஏறுகிற வாகனத்துக்கு வேண்டாம். உப்புத் தண்ணீருக்குள் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் மாதிரித்தான், அலுமினியம் கரைந்து வெள்ளைத் தூளாய் வரும். துருப்பிடிக்காத உருக்கு ஆணி போட்டால் ஆணியைச் சுற்றி இன்னும் மோசம். தகட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கிற பிரச்சினையும் பிளாஸ்ரிக்கில் உள்ளது போலவே இருக்கும். அதோடு இறுக்குவதற்குப் பத்திருபது துளை போடுவீர்கள்.

அச்சுவேலி அலுமினியம்

சரி, சரி. பின்கதவின் உட்பக்கத்துக்கு மட்டும்?

கொக்குவில் பட்டறை

அதற்கு நல்லது. இடையில் றப்பர் கொடுத்து இறுக்குங்கள்.

பழைய ஒஸ்ரின்

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் காரும் மொறிஸ் காரும் ஓடின ஊர் இது. லைனர் என்ற ஒன்றை அப்போது யார் கண்டது. என்னுடைய ட்ராக்டர்ப் பெட்டிக்குப் பலகை அடித்து, பலகைக்குப் பலகை விரல் போகிற இடைவெளி விட்டிருக்கிறேன். கழுவினால் தண்ணீர் அப்படியே நிலத்துக்குப் போய்விடும். நீங்கள் எல்லோரும் எதால் மூடுவது என்று பார்க்கிறீர்கள். தண்ணீர் எங்கால் வெளியே போகும் என்று பாருங்கள்.

குருநகர் ஐஸ்பெட்டி

ஐயா சொன்னதற்கு ஆயிரம் லைக்.

நான் மீன் ஏற்றி ஓடுகிறவன், என் கதையைச் சொல்கிறேன். மீன்காரனுக்கு எதிரி மீன் இல்லை, ஐஸ் உருகி வருகிற தண்ணீர். மீனும் ஐஸும் போடுகிற றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியின் மூலை உடைந்தால் ஓடுகிற நேரம் முழுக்க இரத்தமும் உப்பும் கலந்த தண்ணீர் தளத்தில் ஊறும். எந்த லைனர் போட்டாலும் அந்தத் தண்ணீர் நின்றால் நாறும், நாறினால் பிறகு வாழைக்குலை ஏற்ற ஏலாது, சந்தையில் எடுக்க மாட்டார்கள்.

நான் செய்திருப்பது இதுதான். பெரிய பிளாஸ்ரிக் ஐஸ்பெட்டியின் அடித்துளையில் தோட்டத்துக்குப் போடுகிற குழாயைப் பூட்டி, மற்ற முனையைப் பெட்டித் துளையால் கீழே விட்டிருக்கிறேன். ஓடும்போது மூடி வைத்து, நிற்கிற இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாய்த் திறந்துவிடுவேன். றோட்டில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் விழுவார். தளத்தில் பூச்சு. அதற்கு மேல் வரி போட்ட றப்பர் விரிப்பு, வரிப்பக்கம் கீழே. பின்னேரம் வந்ததும் விரிப்பைச் சுருட்டி மதிலில் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுவேன். கடற்கரைப் பக்கத்து உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கழுவாத மாதிரித்தான்.

நீர்வேலித் தண்ணீர் நல்லது, தம்பிக்கு அந்தக் கவலை இல்லை.

நீர்வேலித்தம்பி

அண்ணை, மச்சானுக்குப் படகுக்கு எண்ணெயும் இந்த வாகனத்தில்தான் எடுக்கிறது. றப்பருக்கு எண்ணெய் பட்டால் பிரச்சினையா?

குருநகர் ஐஸ்பெட்டி

மண்ணெண்ணெய்க் கலன் ஒழுகினால் இயற்கை றப்பர் ஊதிப் பொங்கும், மெழுகு மாதிரி மெதுவாகும். எனக்கு ஒரு மூலை அப்படிப் போயிருக்கிறது. இப்போது கலனை ஒரு பிளாஸ்ரிக் தட்டத்துக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறேன்.

இரசாயன வாத்தியார்

கலன் கதை வந்ததால் ஒன்று. தயவுசெய்து இதை எல்லோரும் வாசியுங்கள். பிளாஸ்ரிக் லைனருக்கு மேல் கலனை வைத்துக்கொண்டே பெற்றோல் நிரப்ப வேண்டாம். எரிபொருள் குழாயால் ஓடும்போது நிலைமின் உண்டாகும். கலன் நிலத்தில் இருந்தால் அது இறங்கிவிடும். பிளாஸ்ரிக் லைனரில் இருந்தால் இறங்க வழியில்லை, சேர்ந்து நின்று குழாய் முனைக்குப் பொறியாய்ப் பாயலாம். பெற்றோல் ஆவி பிடிக்க அந்தப் பொறி காணும். அமெரிக்காவில் இப்படித் தீப்பிடித்த சம்பவங்களைப் பார்த்து, அங்கே தொழிலாளர் பாதுகாப்பை ஆராய்கிற நியோஷ் நிறுவனம் 1998 இல் எச்சரிக்கை வெளியிட்டது. இரும்புக் கலன் என்றாலும் அதே ஆபத்துத்தான்.

மண்ணெண்ணெய் சாதாரண சூட்டில் அவ்வளவு லேசில் ஆவியாகாது, ஆனால் படகின் அவுட்போர்ட் எஞ்சின் ஸ்ரார்ட் பண்ணுவதற்கு பெற்றோலும் எடுப்பீர்கள்தானே. கலனை இறக்கி நிலத்தில் வையுங்கள், குழாய் முனையைக் கலனின் வாயில் தொட்டபடி ஆறுதலாய் அடியுங்கள். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் வாகனத்துக்குள்ளேயே கலன் நிரப்பினதை எல்லோரும் பார்த்தோம், ஒன்றும் நடக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

மட்டுவில் கோழிப்பண்ணை

இது தெரியாது. ஜெனரேற்றருக்கு நாங்கள் அப்படித்தான் அடிக்கிறோம். மகனுக்கும் அனுப்பிவிட்டேன்.

அதோடு, பட்டறைத் தம்பிக்கு: லைனரைத் தூக்கினோம். பெயின்ற் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, கறள் இல்லை. தவிட்டுப் புழுதிதான் ஒரு கடகம்.

கொக்குவில் பட்டறை

நல்லது அக்கா. தேய்ந்த இடத்துக்குப் பெயின்றைத் தொட்டுவிட்டு, பிளாஸ்ரிக்கின் வரிகளுக்கு அடியில் பழைய ரியூப் கீலம் வெட்டி ஒட்டுங்கள், அதிர்வு குறையும். கோழி எரு ஏற்றினால் மட்டும் அன்றைக்கே கழுவுங்கள், அது பெயின்றைத் தின்னும்.

நீர்வேலித்தம்பி

வீட்டில் கதைத்தோம். என் யோசனையை எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். மூலையை வெட்டி ஒட்டி, எப்பொக்சி பிறைமர் அடித்து, பிறகு ராப்டர் மாதிரி இரண்டு திரவம் கலந்து துப்பாக்கியால் அடிக்கிற பூச்சு. கொழும்புக்குக் கொண்டுபோய் மெஷினில் 3 மில்லிமீற்றர் அடிக்கிற செலவு வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். அடி வாங்குவதற்கு மேலே றப்பர் விரிப்பு. மழை தொடங்கப் போகிறது, ஆகவே ஒட்டு வேலையும் பிறைமரும் இப்போது, பூச்சு தை பிறந்த பிறகு. அதுவரை மச்சானின் படங்குதான், அவருக்குச் சந்தோஷம்.

கொக்குவில் பட்டறை

யோசனை சரி, ஒரு திருத்தம். எப்பொக்சி பிறைமரை அப்படியே விட்டு மாரி முழுக்க மீன் ஏற்ற வேண்டாம். வெயில் பட்டால் மேற்பரப்பு மாப்பூக்கும். அதற்கு மேல் சாதாரண ரொப்கோட் (மேற்பூச்சு) ஒன்று அடித்துவிடுங்கள், தையில் அதைத் தேய்த்து மங்கச் செய்துவிட்டுப் பூச்சை அடிக்கலாம்.

ராப்டர் வகையில் மூன்று பங்கு பூச்சு, ஒரு பங்கு ஹார்ட்னர் (இறுக வைக்கிற திரவம்). போத்திலிலேயே கோடு போட்டிருக்கும். "கெதியாய்க் காயட்டும்" என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்ற விடாதீர்கள், பூச்சில் வெடிப்பு விழும். இரண்டு கை அடித்தாலும் ஒரு மில்லிமீற்றர் வராது, ஆகவே அது கறளுக்குக் காவலே ஒழிய, விழுகிற கல்லுக்குக் காவல் இல்லை. கல்லுக்கு றப்பர். பின்கதவின் உட்பக்கத்துக்கும் விளிம்புக்கும் இன்னொரு கை கூட அடியுங்கள், இழுத்து இறக்குகிற சாமான் எல்லாம் அங்கேதான் தேய்க்கும். அடித்த பிறகு ஒரு கிழமை சல்லி ஏற்ற வேண்டாம். அடிக்க முன் துளைகளை அடைத்து வைத்து, காய்வதற்கு முன் அடைப்பை எடுத்துவிடுங்கள்.

வாத்தியார் சொன்ன மூச்சு விஷயம் இதற்கும் பொருந்தும். இதன் ஹார்ட்னரும் ஐசோசயனேற்றுத்தான்.

ஸ்காபரோக்காரன்

என்னைக் கேட்டால் இன்னும் ஸ்பிரேதான் என்பேன். ஆனால் இங்கே மாதிரி அடித்த கடையே திரும்பப் பார்த்துத் தரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்தக் காசு கொடுக்கலாம். உரிந்தால் வவுனியா தாண்டிக் கொண்டுபோக ஏலாதுதானே. தம்பியின் யோசனைக்கு என் வாக்கு.

நீர்வேலித்தம்பி

நன்றி எல்லோருக்கும். கடைசியாய் ஒன்று: றப்பர் எவ்வளவு தடிப்பு? தண்ணீர் போக அதில் துளை போடுவதா?

குருநகர் ஐஸ்பெட்டி

8 மில்லிமீற்றர் காணும். மாட்டுக் கொட்டிலுக்குப் போடுகிற விரிப்பு இன்னும் தடிப்பு, அதுவும் நல்லது, ஆனால் ஒருவரால் தூக்க ஏலாது. உங்கள் பெட்டி ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் சதுரம், 8 மில்லிமீற்றரே இருபது கிலோவுக்கு வரும். கல்லுடைக்கிற இடத்துப் பழைய பெல்ற் மலிவாய்க் கிடைத்தாலும் உள்ளே கம்பி ஓடுகிறதா என்று வெட்டுமுகத்தைப் பாருங்கள். கம்பி இருந்தால் எடுக்க வேண்டாம், விளிம்பில் கறள் கசிந்து பூச்சையும் கீறும்.

துளை போட வேண்டாம். துளையால் மணல் கீழே போகும். முன்சுவரில் இருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டு வெட்டுங்கள், சக்கர மேட்டைச் சுற்றியும் ஒரு விரல். வரிகள் முன்பின்னாய் ஓடுகிற மாதிரிப் போட்டால் தண்ணீர் அந்த வழியே மூலைத் துளைக்கு வரும். ஒட்டவோ ஆணி அடிக்கவோ வேண்டாம். கழுவுகிற நேரம் வாகனத்தைத் துளைப்பக்கம் சரிவாய் நிறுத்துங்கள்.

நீர்வேலித்தம்பி

விளங்கியது அண்ணை. ஞாயிறு குருநகர்ப் பக்கம் வருகிறேன், உங்கள் விரிப்பை ஒரு தடவை அளந்து பார்க்கலாமா?

குருநகர் ஐஸ்பெட்டி

வாங்கோ. விடிய வர வேண்டாம், கடலால் வருகிற நேரம். பத்து மணிக்குப் பிறகு வந்தால் விரிப்பு மதிலில்தான் கிடக்கும்.